பெட்டிக்கு ஒருநாள் ஓய்வு

சாமி பெட்டி இல்லீங்கண்ணா. பொட்டைப் பாத்துட்டுக் கேக்கறீங்க, கண்டக்டரும் அப்படித்தான் கேட்டாரு. கோயிலுக்குக் கொண்டு போறீங்களா, சீட்டு மேல வைங்க, கால்ல படக் கூடாதுன்னாரு. மடியிலயே இருக்கட்டுமுங்கன்னு வாங்கி வச்சுக்கிட்டேன். நீங்க சன்னலோரமே இருங்க, எனக்கு இந்த வளைவெல்லாம் ஒண்ணும் பண்ணாது, ஏறி எறங்கிப் பழகினவன். உங்களுக்கு வயித்தைப் பொரட்டினா சொல்லுங்க, பையில எலுமிச்சம்பழம் இருக்குது. பூஜையில வச்ச பழந்தான், மேல எஸ்டேட்டுல கனியக்கான்னு ஒருத்தங்க, அது குடுத்து விட்டுச்சு. பொரிகூட இருக்குது, கையை நீட்டுங்க. அட, சும்மா எடுத்துக்கங்க. நான் ஒருத்தன் இத்தனையும் தின்னு தீக்க முடியாது.

இது மலை அசையுதான்னு பாக்கற பெட்டிங்க. நானே செஞ்சது. உள்ள ஒரு சென்சார் இருக்குது, மண்ணு லேசா நடுங்கினாக்கூட அதுக்குத் தெரிஞ்சிரும். அது சொல்றதை ஒரு சின்ன சிப் கேட்டு மெமரி கார்டுல எழுதி வைக்கும். உங்க போன்ல போடறீங்களே, விரல் நகத்தாட்டம், அதே கார்டுதான். நான் இதை வச்ச எடத்துல டவர் கெடையாது, இருந்தா அப்பப்பவே கோயமுத்தூருக்கு அனுப்பியிருக்கும். ஒரு பாறை இருக்குது, அது மேல ஏறி நின்னா மட்டும் போன் எடுக்கும். அதனாலதான் கார்டு. நீ பாட்டுக்கு எழுதி வச்சுக்க, நான் வந்து எடுத்துக்கறேன்னு ஒரு ஏற்பாடு.

மஞ்சக்கல் எஸ்டேட்டுன்னு கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. மெயின் ரோட்டுல இருந்து உள்ள போகோணும், ஜீப்புதான். அங்க சரிவுக்கு அடியில ஒரு லயன். லயன்னா தெரியுமில்லீங்க, வரிசையா ஒட்டி ஒட்டிக் கட்டின வீடு, தேயிலை பறிக்கறவங்க குடியிருப்பு. வீட்டுக்குப் பின்னால செவுரு, செவுத்துக்குப் பின்னால மலை. அவ்வளவுதான். மழைக்காலம் வந்தா பொழுதோட எல்லாரும் பாயைச் சுருட்டிட்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருவாங்க. கைக்கொழந்தை, நடக்க முடியாதவங்க, கோழி, எல்லாத்தையும் தூக்கிட்டு. பல வருசமா இதே பொழப்பு. அதே மேட்டுல, சமதளமாப் பாத்து, புது வீடு கட்டி வச்சிருக்குது. பூட்டிக் கெடக்குது. இவங்களை அங்க மாத்தலாமா வேண்டாமான்னு பாக்க ஒரு கமிட்டி போட்டாங்க. கமிட்டி என்ன சொல்லுச்சு, மலை நகருதுன்னு அளந்து காட்டுங்க, காட்டினா சாவி தர்றோம்னுது. அளந்து காட்டற சோலி ஒரு சேவை அமைப்பு வழியா என்கிட்ட வந்துது.

போன வருசமும் ஒரு பெட்டி வச்சனுங்க. அதுல வந்த வினைதான் எல்லாம். மழை முடிஞ்சு, கார்டைக் கொண்டு போயிக் கமிட்டி முன்னால போட்டுக் காட்டினேன். அதுல ஒரு நிபுணர், கண்ணாடியை மூக்கு நுனிக்கு எறக்கிப் பாக்கறவரு. திரையில கோடு ஓடுது, ஓடுது, நடுவுல அந்து போகுது. மறுபடி ஓடுது, மறுபடி அந்து போகுது. அவரு எந்திரிச்சு வந்து அந்த ஓட்டை மேல விரலை வச்சாருங்க. "தம்பி, மலை சும்மா இருந்தப்ப எல்லாம் நல்லா எழுதியிருக்குது. ஆடினப்ப எழுதலையே" அப்படின்னாரு. சபையே சிரிச்சுது. அவங்க சிரிச்சதை விடுங்க. லயன்ல இருந்து கனியக்காவைச் சாட்சிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். அது எதுக்குச் சிரிக்கறாங்கன்னு தெரியாம, மரியாதைக்கு அதுவும் கூடச் சிரிச்சுது. எனக்குத் தலையைக் கொண்டு போயி எங்க வைக்கறதுன்னே தெரியலை.

ஏன் அந்து போச்சுன்னு கேளுங்க. நீங்க கேக்கலைன்னாலும் சொல்றேன், இதைக் காது குடுத்துக் கேக்க ஒரு ஆளு கெடைக்கறதில்லை. மலை சும்மா இருக்கறப்ப சென்சார் எப்பவாச்சும் ஒரு வார்த்தை சொல்லும். ஆட ஆரம்பிச்சுதுன்னா நிறுத்தாமப் பேசும். அந்நேரம் பாத்துக் கார்டு எழுதி முடிக்காம முழிக்கும். அது ஒண்ணை எழுதறதுக்குள்ள இங்க நூறு வார்த்தை காத்துல போயிரும். எதனாலன்னா, பழைய புரோகிராம் ஒரு வார்த்தைக்கு ஒருக்கா பைலைத் தொறக்கும், எழுதும், மூடும். ஒரு பிடி நெல்லு போட ஒருக்கா குடோனைத் தொறந்து பூட்டறாப்பல. நானே எழுதினதுதான் அதும். ஏன் அப்படி எழுதினேன்னா, திடீர்னு நின்னு கின்னு போச்சுன்னா, அது வரைக்கும் எழுதினது பத்தரமா இருக்குமேன்னு ஒரு பயம். பயந்தாங்கொள்ளி புரோகிராமுங்க அது. இந்தத் தொழில்ல எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க, எல்லாரும் பயந்தாங்கொள்ளிங்க.

அந்த நிபுணர் பேசின பேச்சு என்னைத் தூங்க விடலை. மாசக்கணக்குல உக்காந்தனுங்க. வந்த வேலையெல்லாம் திருப்பி அனுப்பிட்டு, இது ஒண்ணையே பாத்தேன். மொதல்ல அந்தப் பூட்டற சோலியைத் தூக்கிப் போட்டேன். குடோன் கதவு தொறந்தே கெடக்கட்டும், மழைக்காலம் முடிஞ்சு நான் வந்து பொத்தானை அமுக்கறப்ப மூடிக்கலாம்னு. அப்பறம் பிடி பிடியாப் போடாம, கூடையில சேத்து வச்சு ஒரே கொட்டாக் கொட்டறது. அதுலயே பாதி வேகம் வந்துருச்சு. ஆனா இந்தக் கார்டு இருக்குதே, சள்ளை புடிச்ச சாமானம். ஒரு எடத்துல எழுதறதுக்கு முன்னால அந்த எடத்தை அழிச்சுத் தொடைச்சுட்டுத்தான் எழுதும். எழுத எழுத நடுவுல நின்னு நின்னு தொடைக்கும். அந்த நிக்கற நேரத்துலதான் மலை பேசினது எல்லாம் போகுது.

அங்கதான் எனக்கு ஒரு ரோசனை வந்துது பாருங்க. நெல்லடிக்கறதுக்கு முன்னால களத்தை மொத்தமாக் கூட்டி வச்சுக்கறமா இல்லீங்களா? கதிரைப் போட்டு அடிச்சுக்கிட்டே யாராச்சும் விளக்குமாத்தைத் தேடுவாங்களா? அதே கணக்கு. பேட்டரியை மாட்டினதும், மொதல் சோலியா, கார்டு பூராத்தையும் ஒரே கூட்டாக் கூட்டித் தொடைச்சு வச்சுரு. அப்பறம் எழுத ஆரம்பி. எழுதறப்ப எதுக்கும் நிக்காதே. இப்படி எழுதிக் குடுத்தேன் புரோகிராமுக்கு.

வேகம்னா வேகமுங்க. மேசை மேல வச்சுத் தட்டிப் பாத்தேன், ஆட்டிப் பாத்தேன், எம் பொண்டாட்டி துணி தொவைக்கற மிஷின் மேல வச்சுக்கூட ஓட்டினேன். ஒரு எழுத்து விடலை. கோடு வழுவழுன்னு போகுது. எங்க தொழில்காரங்க குரூப்புல போட்டேன், யாரோ ஒரு ஜெர்மனிக்காரன் எப்படிப் பண்ணுனீங்கன்னு கேட்டான். எம் பொண்டாட்டி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, நடுவுல நின்னு போச்சுன்னா என்னாகுமுங்கன்னு. அதெப்படி நிக்கும்? மேல சோலார் தகடு, உள்ள பெரிய பேட்டரி. காட்டுக்குள்ள போயி அதை யாரு கழட்டப் போறாங்க? வாய் இருக்குதுன்னு எதையாச்சும் கேக்கறதான்னு சொல்லிட்டேன். அவ துணியை எடுத்துட்டுப் போயிட்டா.

வைகாசி கடைசியில கொண்டு போயி நட்டேன். கனியக்கா வீட்டுக்குப் பின்னால, சரிவுல சென்சாரைப் பொதைச்சு, பக்கத்துல இரும்புக் குழாய் நட்டு, அது மேல பெட்டி. கனியக்காவுக்குச் சண்முகக்கனின்னு பேரு, கடைசி வீடு. மலை எறங்கினா மொதல்ல அது வீட்டுக்குள்ளதான் வரும். லயன்ல அது சொன்னா யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க. ஆனா ஆரம்பத்துல பெட்டிக்கு மதிப்பே இல்லீங்க. குழாயில கயித்தைக் கட்டித் துணி காயப் போட்டாங்க. பசங்க கல்லெடுத்து எறிஞ்சாங்க. கம்பெனி வச்ச ஒட்டுக்கேக்கற மிஷின்னு ஒரு புரளி வேற. எனக்கு வந்துதே கோவம்.

ஒரு ஞாயித்துக்கெழமையாப் பாத்து எல்லாரையும் பள்ளிக்கூடத்துல உக்கார வச்சுப் பேசினேன். நான் மேடையில பேசறவன் இல்லீங்க, ஆனா அன்னைக்கு எங்கிருந்தோ வாயில வந்துருச்சு. இது கம்பெனி சாமான் இல்லை, உங்க சாமான்னேன். செடியைக் கவாத்து வெட்டறீங்களே, அந்தக் கத்தியை எப்படி வச்சிருக்கறீங்க, அதை யாராச்சும் தாண்டிப் போனாக்கூடத் திட்டறீங்களா இல்லையா, இதும் அதாட்டந்தான்னேன். வயித்துப் பொழப்புக்குக் கத்தி, வீட்டைக் காப்பாத்திக்க இது. இது உங்க ஆயுதம்னு நெனைச்சுப் பாத்துக்கங்கன்னு சொல்லி முடிச்சேன். கை தட்டினாங்கண்ணா. கனியக்கா கண்ணைத் தொடைச்சுக்கிச்சு. நான் கீழ எறங்கறப்ப எனக்கே ஒரு பெருமையா இருந்துச்சு, பரவாயில்லையே, நமக்கும் நாலு பேருக்குச் சொல்லிப் புரிய வைக்கத் தெரியுதுன்னு.

அன்னையில இருந்து பாக்கோணுமே. செருப்பைப் போட்டுக்கிட்டு ஒருத்தரும் அந்தக் குழாய்கிட்டப் போறதில்லை. கொடி ஏறினா அறுத்து விடறது, சோலார் தகட்டுல பாசி புடிச்சாத் தொடைக்கறது, எல்லாம் கனியக்கா மேற்பார்வை. வேலைக்குப் போறப்ப ஒருக்கா, வர்றப்ப ஒருக்கா, பச்சை லைட்டு மினுங்குதான்னு பாத்துக்குமாம். நான் செஞ்ச பொருள் எதையும் யாரும் இப்படி வச்சுக் காப்பாத்தினது கெடையாது. மில்லுக்கெல்லாம் செஞ்சு குடுத்திருக்கேன், எண்ணை பிசுக்கோட மூலையில கெடக்கும்.

ஆடியில மழை புடிச்சுது. ஆவணியில ஒருநாள் மத்தியானம் கனியக்கா பாறை மேல ஏறிக் கூப்புட்டுச்சு. மூச்சு வாங்குது. வீடே ஒரு உலுக்கு உலுக்கிச்சாமா, பாத்திரமெல்லாம் அலமாரியில இருந்து சரிஞ்சு விழுந்துச்சாமா, பின்செவுத்துல விரல் போற அளவுக்கு விரிசல் விட்டுப் போச்சாமா. நான் கேட்டது ஒண்ணுதான், பெட்டி என்ன பண்ணுதுன்னு. மினுங்கிட்டே இருந்துச்சு தம்பின்னுது. எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சுங்க. மாட்டிக்கிச்சுக்கா மலைன்னு சொன்னேன். அப்பறந்தான் ஞாவகம் வந்து, யாருக்கும் அடி கிடி படலையேன்னு கேட்டேன்.

அப்பவே போயிக் கார்டை எடுத்திருக்கலாமேன்னு கேக்கறீங்க. எதுக்குங்க? கார்டுல எடம் தாராளமாக் கெடக்குது. எடுக்கறதுன்னா நிறுத்தோணும். மழைக்கு நடுவுல ஒரு நிமிசம்கூட அது நிக்கக் கூடாதுன்னுதான நான் இத்தனை பாடுபட்டது. அந்த ஒரு நிமிசத்துல மலை ஆடுச்சுன்னா? அந்த நிபுணர் மறுபடி வந்து விரலை வைப்பாருங்க. வேண்டாம், முழுசா, ஓட்டையில்லாம, ஒரே கோடாக் கொண்டு போயிப் போடலாம்னு இருந்தேன்.

இன்னொரு சங்கதி. இந்த வருசம் மழையில பாதிப் பேரு பள்ளிக்கூடத்துக்குப் போகவே இல்லீங்க. அதான் பெட்டி முழிச்சுட்டு இருக்குதே, நாம தூங்கலாம்னு வீட்டுலயே படுத்துக்கிட்டாங்க. கனியக்கா சொன்னப்ப எனக்குத் திக்குன்னுதான் இருந்துச்சு. அக்கா, அது எழுதி வைக்கத்தான் செய்யும், மலை வருதுன்னு கத்தாதுக்கான்னு சொன்னேன். அது சிரிச்சுக்கிட்டு, நீங்க எப்பவுமே தன்னடக்கமாப் பேசுவீங்க தம்பின்னுது. நானும் விட்டுட்டேன். ஒருத்தங்க நம்ம கைவேலையை அத்தனை நம்பறப்ப, என்னத்தைச் சொல்றது போங்க.

போன வாரம் ஆயுதபூஜை நோம்பி வந்துதில்லீங்களா. எங்க கடையிலயும் நல்லாத்தான் கும்பிட்டோம். எல்லாத்தையும் நிறுத்தி, ஒயரைப் புடுங்கி, தொடைச்சு, சால்டரிங் அயர்னுக்குப் பொட்டு, மீட்டருக்குப் பொட்டு, லேப்டாப்புக்குப் பொட்டு. ஓடிட்டிருக்கற மிஷினுக்கு யாராச்சும் பொட்டு வைப்பாங்களா? அன்னைக்கு ஒருநாள் அதுங்களுக்கு ஓய்வு. எங்கப்பா லேத்து வச்சிருந்த காலத்துல இருந்து அப்படித்தான், மறுபூஜை போட்டுட்டுத்தான் சுவிட்சைப் போடுவோம். லேப்டாப்புல பொட்டு இன்னமும் இருக்குது, பையைத் தொறந்தா பாக்கலாம். நான் சாமி இல்லைங்கற ஆளு இல்லீங்க, அதைத் தெளிவாச் சொல்லிக்கறேன். எதுக்கும் ஒரு எடம் இருக்குதுன்னு சொல்றேன், அவ்வளவுதான்.

இன்னைக்குக் காலையில மேல போறேன். நாளன்னைக்குக் கமிட்டி. குழாய்க்கு மாலை போட்டிருக்குது, காஞ்சு தொங்குது. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். நான் ஒட்டி வச்ச எச்சரிக்கை ஸ்டிக்கர் மேலயே விபூதிப் பட்டை. செவப்பு எழுத்துல, பளிச்சுன்னு, இங்கிலீசுல ஒட்டியிருந்தனுங்க, ஓடறப்ப பேட்டரியைக் கழட்டாதேன்னு. அது மேல பட்டையைப் போட்டா என்ன அர்த்தம்? ஆனா பாத்த ஒடனே எனக்கு ஒண்ணும் தோணலை பாருங்க. நல்லா இருக்குதேன்னு போட்டோ புடிச்சு எம் பொண்டாட்டிக்கு அனுப்பலாம்னு இருந்தேன்.

கனியக்கா காப்பித் தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. "பெரிய பூஜையா வச்சிட்டோம் தம்பி. கத்தி, மம்பட்டி, கூடை எல்லாத்தையும் பள்ளிக்கூடத்துல வச்சு, நடுவுல பெட்டியை வச்சோம். மழைக்காலம் பூராவும் கண்ணு மூடாம நின்ன பெட்டி. ஒருநாளாவது அதுக்கும் ஓய்வு குடுக்கணும்ல. நீங்கதான சொன்னீங்க, எங்க ஆயுதம்னு."

டம்ளரைக் கீழ வச்சேன். எப்படிக்கா எறக்குனீங்கன்னு கேட்டேன். நான் மாட்டினதைப் பாத்து வச்சிருந்தாங்களாமா. கை கால் கழுவிட்டு வந்து, பேட்டரி ஒயரை மெதுவா உருவி, பெட்டியைத் துண்டுல ஏந்திட்டுப் போயிருக்காங்க. ராத்திரி பூரா சாமி முன்னால ஓய்வு. காலையில மறுபூஜை போட்டு, எடுத்துட்டு வந்து, அதே எடத்துல, அதே மாதிரி, சிவப்பு ஒயரு சிவப்புல, கறுப்பு ஒயரு கறுப்புல மாட்டிட்டாங்க. ஒடனே பச்சை லைட்டு மினுங்கிச்சாமா. எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டாங்களாமா.

மினுங்குமுங்க. ஏன் மினுங்காது? மாட்டினதும் மொதல் சோலியாக் களத்தைக் கூட்டுன்னு சொல்லி வச்சிருக்குதில்ல. கூட்டிருச்சு. ஒரு நெல்லு மணி விடாம. இவங்க வெளிய கும்பிட்டுட்டு நிக்கறாங்க, அது உள்ள கூட்டிட்டு இருக்குது. ஆடியும் போச்சு, ஆவணியும் போச்சு, பாத்திரம் விழுந்த அந்த மத்தியானமும் போச்சு.

கழட்டினவங்க கழட்டினாப்பலயே போட்டு வச்சிருக்கக் கூடாதுங்களா? நான் அதைத்தான் கேக்கறேன். கதவு மூடாமக் கெடந்தாலும் உள்ள நெல்லு இருந்திருக்கும், நான் எப்படியாச்சும் தோண்டி எடுத்திருப்பேன், எனக்கு அந்த வழியெல்லாம் தெரியும். ஒயரை மாத்தி மாட்டியிருந்தாலாவது எதாச்சும் கருகிப் போயி அப்படியே நின்னிருக்கும். ஒழுங்கா மாட்டினாங்க பாருங்க, அதுலதான் எல்லாம் போச்சு. இத்தனை சுத்தமா ஒரு சோலியைச் செய்வாங்களா யாராச்சும்?

இருந்தாலும் ஒரு நப்பாசையில பள்ளிக்கூடத்துல உக்காந்து கார்டை லேப்டாப்புல போட்டனுங்க. எல்லாவிதத்துலயும் துளாவிப் பாத்தேன். வெறும் களம். என் புரோகிராம் கூட்டினா சுத்தமாத்தான் கூட்டும், அதுல ஒரு குத்தம் சொல்ல முடியாது. பூஜைக்குப் பின்னால வந்த நாளு மட்டும் இருக்குது. நல்ல வெயில், மலை அசையலை, கோடு கட்டையாட்டம் நேராப் போகுது. தலையைத் தூக்கிப் பாக்கறேன், லயனே சுத்தி நிக்குது. கனியக்கா குனிஞ்சு அந்தக் கோட்டையே உத்துப் பாத்துட்டு இருந்துச்சு. போன வருசம் அந்த ஆபீஸ்ல சிரிச்சதை அது மறக்கலைங்க. எதுக்குச் சிரிச்சாங்கன்னு பின்னாடி யாரோ அதுக்குச் சொல்லிருக்காங்க.

"இந்தத் தடவை ஓட்டையே இல்லையே தம்பி" அப்படின்னுது.

இல்லைக்கான்னேன். அது பொய் இல்லையே, ஓட்டை இல்லைதான. அது முகத்தைப் பாக்கோணும் நீங்க. திரும்பி எல்லாத்துகிட்டயும், ஓட்டை இல்லையாம், ஓட்டை இல்லையாம்னு சொல்லுது. ஒருத்தி பொரியை அள்ளி என் பையில கொட்டறா. அதுக்கப்பறம் நான் எப்படிங்க வாயைத் தொறக்கறது?

நாளன்னைக்கு என்னத்தைக் காட்டறதுன்னு தெரியலைண்ணா. இருக்கற கோட்டைக் காட்டினா, மலை அசையவே இல்லைன்னு எழுதிட்டுப் போயிருவாங்க. ஒண்ணும் காட்டலைன்னா, அளவு இல்லை, அடுத்த வருசம் பாக்கலாம்பாங்க. எப்படிப் பாத்தாலும் அந்தப் புது வீட்டுப் பூட்டு தொறக்கப் போறதில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லலாம்தான். பூஜையில வச்சு அழிஞ்சு போச்சுங்கன்னு சொன்னா மறுபடி சிரிப்பாங்க. கனியக்காவையும் வரச் சொல்லிருக்காங்க, அது நல்ல சேலை எடுத்து வச்சிருக்குது. அதை உக்கார வச்சுக்கிட்டு, இவங்கதான் அழிச்சாங்கன்னு நான் சொல்லவா? என் மனசு அத்தனை கல்லு இல்லீங்க. அவங்க குத்தத்தை வெளிய சொல்லாம நானே சொமந்துட்டுப் போறேன், அதுதான் வெசனம்.

பெட்டி இங்க மடியில இருக்குதே, அப்ப அங்க என்ன இருக்குதுன்னுதான கேக்கறீங்க. கனியக்காவும் கேட்டுச்சு. கமிட்டிக்குக் காட்டோணும், கொண்டு போறேன்னேன். வெறும் குழாயாப் பாத்தா மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும் தம்பின்னுது. போன வருசத்துப் பழைய பெட்டி, காலிப் பெட்டி, பள்ளிக்கூடத்து மூலையில கெடந்துச்சு. அதை எடுத்து மாட்டிட்டேன். உள்ள ஒண்ணும் இல்லை. சோலார்ல இருந்து ஒயரை இழுத்துப் பச்சை லைட்டை மட்டும் மினுங்க வச்சிருக்கேன். ஒரு தைரியத்துக்குத்தாங்க. நம்மளால ஆனது அவ்வளவுதான. அதுக்கும் பொட்டு வச்சாங்க.

கண்ணாடியில என்ன, தூறலா? சன்னலை எறக்கி விடுங்க. ஐப்பசி மழை இன்னும் நாளாகும்னு சொன்னாங்க, அதுக்குள்ள வந்துருச்சா. மேல பாருங்க, கறுத்துக் கெடக்குது. இருங்க, போன்.

அக்கா, சொல்லுங்க. ம், பஸ்ஸுலதான் போயிட்டு இருக்கேன். அங்க எப்படி? பலமாவா? ம். ம். ஆமா. மினுங்கும்க்கா. இல்லக்கா, அது வந்து, அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க, கேக்குதா? அக்கா?

அந்து போச்சு.

பாறை மேல நின்னு பேசுது. மழை ஒரேயடியாப் புடிச்சிருச்சாமா. பாயைச் சுருட்டிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிரலாமான்னு லயன்ல ஒரு பேச்சு வந்துதாமா. கனியக்காதான் சொல்லுச்சாமா, இன்ஜினியரு இன்னைக்குத்தான் வந்து எல்லாம் பாத்துட்டுப் போயிருக்காரு, லைட்டு மினுங்குது, வீட்டுலயே இருங்கன்னு. அதைச் சொல்லத்தான் ஏறி வந்து கூப்புட்டுருக்குது. மழையைப் பாத்துட்டு நான் அவங்களை நெனைச்சு வெசனப்படுவேன்னு.

சொல்லோணுமுங்க. தெரியுதுங்க எனக்கு, நீங்க வேற ஏன் அப்படிப் பாக்கறீங்க. சொல்ல வாயெடுத்தேன், நீங்களே பாத்தீங்க. டவர் காட்டலை, இங்க பாருங்க, ஒண்ணுமே இல்லை. இந்த வளைவுல வராது, மலை எறங்கி ஆழியாறு போயித்தான் வரும். அதுக்குள்ள அது பாறையை விட்டு எறங்கிரும். இப்ப நிக்கும். நான் திரும்பக் கூப்புடுவேன்னு நனைஞ்சுட்டு அங்கயேதான் நிக்கும்.

உங்க போன்லயா? காட்டுதுங்களா?

இல்லண்ணா, என்கிட்டக் குடுக்காதீங்க. நீங்களே பேசுங்க. எனக்கு வராது, நான் பேசினா அது நல்லா இருக்கறீங்களான்னு கேக்கும், நான் ம்னு சொல்லிருவேன். நம்பரைக் காட்டறேன், பாத்துப் போடுங்க. போட்டுட்டீங்களா. மணி அடிக்குதா? எல்லாரும் இப்பவே பள்ளிக்கூடத்துக்குப் போகோணும்னு சொல்லுங்க. பாயி, கோழி எதையும் பாக்க வேண்டாம், ஆளு மட்டும் போனாப் போதும்னு சொல்லுங்க. ஏன்னு கேக்கும். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, லைட்டு மினுங்குதே தம்பின்னு எதுத்துப் பேசும். எடுத்துருச்சா?

பெட்டி சொல்லுச்சுன்னு சொல்லுங்க.